ஹெட்செட் வாங்கும் முன்: இரைச்சல் யார் காதில்?

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. பேசறவங்கதான் ‘ரோட்ல நிக்கிறீங்களா’ன்னு கேக்கறாங்க." புது ப்ளூடூத் ஹெட்செட் வாங்கியவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. பெட்டியை எடுத்துப் பார்த்தால் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அச்சிட்டது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வாங்கியவருக்குத் தேவைப்பட்டது ஒன்று, கைக்கு வந்தது மற்றது.

ஏ.என்.சி. (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது உங்கள் காதுக்காக. ஹெட்செட்டில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும். அதற்கு நேர்மாறான அலையை ஸ்பீக்கர் வழியாகக் காதுக்குள் விட்டு அந்தச் சத்தத்தை அடக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இன்ஜின் உறுமல் குறையும். மறுமுனையில் இருப்பவருக்கு அதே உறுமல் அப்படியே போய்ச் சேரலாம். இ.என்.சி. (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது மறுமுனைக் காதுக்காக. உங்கள் குரலோடு மைக்குக்குள் நுழையும் இரைச்சலை வடிகட்டி, குரலை மட்டும் அனுப்பப் பார்க்கும். இதையே சில பெட்டிகளில் சி.வி.சி. என்றும், ‘கால் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்றும், ‘நான்கு மைக்’ என்றும் எழுதியிருப்பார்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆக, கடைக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியது பிராண்டை அல்ல. எங்கே உட்கார்ந்து அதிகம் பேசுகிறீர்கள், அங்கே சிரமப்படுவது உங்கள் காதா, மறுமுனைக் காதா என்பதைத்தான்.

மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவில் இருக்கும். தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். இயர்பட்ஸின் மைக் வாயிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே உங்கள் குரல் சுமார் 78. ஃபேன் ஓடும் வீட்டு அறையில் இரைச்சல் 45 முதல் 50. குரல் ஏறக்குறைய 30 டெசிபல் மேலே நிற்கிறது. இந்த இடத்தில் சுமாரான மைக்கே போதும்.

இதே இயர்பட்ஸோடு ஓடும் பஸ்ஸில் ஏறுங்கள். உள்ளே இரைச்சல் 80ஐத் தொடும். குரல் 78, இரைச்சல் 80. இப்போது குரலைத் தேடி எடுக்கும் வேலை முழுவதும் ஹெட்செட்டுக்குள் இருக்கும் சிப்பின் தலையில் விழுகிறது. அது இரைச்சலை வெட்டும்போது குரலிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். தண்ணீருக்கடியில் இருந்து பேசுவது போல வருவது இதனால்தான்.

காதிலிருந்து கம்பி போல நீண்டு வாயருகே வரும் பூம் மைக்கில் மைக் 3 செ.மீ. தூரத்தில் இருக்கும். குரல் அங்கே 90. அதே பஸ், அதே இரைச்சல். ஆனால் குரல் 10 டெசிபல் மேலே. சிப் தன் வேலையைத் தொடங்கும் முன்பே கிடைக்கும் லாபம் இது. இரைச்சலில் நாம் தானாகவே குரலை உயர்த்திப் பேசுவதால் இன்னும் கொஞ்சம் கூடும். எத்தனை மைக் வைத்தாலும், என்ன செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டினாலும், இந்தத் தூரத்தை ஈடு செய்வது கடினம். 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து பேசியதும் பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த, வாயோரம் வரும் மைக் வழியாகத்தான். இன்றும் கால் சென்டர்களில் பூம் மைக் மறையாமல் இருப்பதற்குக் காரணம் இதே கணக்குதான்.

பூம் மைக்கை வைக்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. உதட்டுக்கு நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மோதி ‘டப் டப்’ என்று அடிக்கும். மூக்குக்குக் கீழே வைத்தால் மூச்சு விடுவது கேட்கும். வாய்க்கோடியிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, உதட்டுக்குச் சற்றுக் கீழே, கன்னத்தில் உரசாமல் நிற்க வேண்டும். மைக் துளை வாயைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் துளை ஒரு பக்கம்தான் இருக்கும். கம்பி திரும்பிக்கொண்டால் மைக் அறையைக் கேட்கும், உங்களைக் கேட்காது. மூக்குக்கண்ணாடி வரை மேலே தூக்கிவிட்டுப் பேசுபவர்கள் அதன் பலனை முழுவதும் இழக்கிறார்கள்.

அமைதியான அறை

வீட்டில் தனியறையிலோ ஆள் குறைந்த அலுவலகத்திலோ பேசுபவர் இரைச்சல் நீக்கத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தை மூன்று மணி நேரம் போட்டும் காது வலிக்காத ஹெட்செட்டுக்குக் கொடுக்கலாம். காதை அடைக்காத வகையே இங்கே நல்லது. இரு காதையும் இறுக்கி மூடினால் நம் குரல் நம் மண்டைக்குள்ளேயே முழங்கும்; நம் குரல் நமக்குச் சரியாகக் கேட்காததால் தேவையில்லாமல் கத்துவோம். பேசுபவரின் குரலை அவர் காதுக்கே கொஞ்சம் திருப்பி விடும் ‘சைட்டோன்’ வசதி இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். அது இல்லாத இயர்பட்ஸில், வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ‘டிரான்ஸ்பரன்ஸி’ முறையைப் போட்டுக்கொண்டு பேசலாம், அல்லது ஒரு பக்கத்தை மட்டும் மாட்டலாம்.

அமைதியான அறைக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, காற்று. ஃபேனின் ஓசையைவிட அதன் காற்று நேராக மைக்கில் மோதுவது மோசம். மறுமுனையில் ‘கரகர’ என்று கேட்கும். டேபிள் ஃபேன் முகத்தைப் பார்த்து வீசினால் எந்த ஹெட்செட்டும் தடுமாறும். அதை முதுகுப் பக்கம் திருப்பினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இரண்டாவது, எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரையில்லாத ஜன்னல் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல ஒலிக்கும். மைக் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு எதிரொலி உள்ளே நுழையும். மெத்தையும் துணி அலமாரியும் இருக்கும் அறைக்கு மாறிப் பாருங்கள். புது ஹெட்செட் வாங்கியது போல இருக்கும்.

லேப்டாப்பில் பேசுபவர்களுக்கு இன்னொரு குழப்பம். பாட்டு கேட்கும்போது தெளிவாக ஒலித்த ஹெட்செட், ஜூமில் நுழைந்ததும் பழைய ரேடியோ போல ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறொரு வழி. மைக்கைத் திறந்த நொடியில் இணைப்பு பேச்சு வழிக்குத் தாவும். அதில் ஒலியின் அகலம் குறைவு. கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. பழைய கோடெக்கான சி.வி.எஸ்.டி.யில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து மாதிரி எடுப்பார்கள். 2011இல் வந்த ஹெச்.எஃப்.பி. 1.6 என்ற ப்ளூடூத் பேச்சு விதிமுறை கொண்டுவந்த எம்.எஸ்.பி.சி.யில் 16,000 முறை. பல விண்டோஸ் கணினிகளில் ஒரே ஹெட்செட் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்றும் இரண்டு பெயரில் தெரிவது இதனால்தான். அறை அமைதியாக இருந்தால் எளிய வழி உண்டு: கேட்பதற்கு ஹெட்செட்டையும் பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒலி பழையபடி தெளிவாகிவிடும். நாள் முழுவதும் கணினியில்தான் பேச்சு என்றால், கணினியில் செருகும் சின்ன யு.எஸ்.பி. டாங்கிளோடு வரும் அலுவலக வகை ஹெட்செட் வாங்குவது மேல். கணினியின் சொந்த ப்ளூடூத்தைவிட டாங்கிள் இணைப்பு உறுதியாக நிற்கும்.

இந்தக் கோடெக் விவரத்தை வெறும் எண்ணாக விட்டுவிட வேண்டாம். 8,000 மாதிரிகளில் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி போய்ச் சேராது. ‘எஸ்’ என்பதையும் ‘எஃப்’ என்பதையும் பிரித்துக் காட்டும் சீறல் அதற்கு மேலேதான் இருக்கிறது. பான் கார்டு எண்ணைப் போனில் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று கேட்பது காது கேளாமையால் அல்ல. நீங்கள் பேசும் அழைப்பு வோல்ட்டியில் (4ஜி வழியே போகும் அழைப்பு) போனால் நெட்வொர்க்கே அகன்ற ஒலியைத் தாங்கும். ஹெட்செட் பழைய கோடெக்கில் நின்றால் அந்த நன்மை பாதி வழியிலேயே போய்விடும். விவரப் பட்டியலில் ‘வைட்பேண்ட்’, ‘ஹெச்.டி. வாய்ஸ்’, ‘எம்.எஸ்.பி.சி.’ என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்.இ. ஆடியோவும் அதன் எல்.சி.3 கோடெக்கும் இதைவிட மேல். ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். ‘ப்ளூடூத் 5.3’ என்ற எண் மட்டும் மைக்கின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

இரைச்சலான இடம்

இரைச்சல் எல்லாம் ஒரே வகை இல்லை. பஸ் இன்ஜின், ஜெனரேட்டர், ஏசி, ரயில் ஓட்டம் ஆகியவை ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடுபவை. ஏ.என்.சி. இவற்றில் கெட்டி, சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாக அடக்கும். ஹாரன், குக்கர் விசில், பாத்திரம் விழுவது, பக்கத்தில் பேசுபவர் குரல் ஆகியவை திடீரென்றோ உயர்ந்த சுருதியிலோ வருபவை. இவற்றைத் தடுப்பது காதில் மாட்டும் ரப்பர் முனைதான். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் ஏ.என்.சி.யும் சேர்ந்து தோற்கும்; இடைவெளி வழியே தாழ்ந்த சத்தம் புகுந்துவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சரியாகப் பொருந்தினால், பாட்டில் அடித்தாளம் கனமாகக் கேட்கும், தாடையை அசைத்தாலும் அது மாறாது. ரப்பர் நிற்காத காதுகளுக்கு ஃபோம் முனை நல்லது: விரலால் உருட்டி, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

இது காதின் நலனுக்கும் முக்கியம். 80 டெசிபல் இரைச்சலில் காதை அடைக்காமல் பேச்சைப் புரிந்துகொள்ள ஒலியை 90 வரை ஏற்றுவோம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. வெளிச்சத்தத்தை 20 டெசிபல் குறைக்கும் பொருத்தமான முனை இருந்தால் 70, 75இலேயே பேச்சு தெளிவாகும். ஒலியை முக்கால்வாசிக்கு மேல் வைத்தால்தான் கேட்கிறது என்றால், ஹெட்செட்டின் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் முனையை மாற்றிப் பாருங்கள்.

மறுமுனைக்கு மிகவும் கடினமான இரைச்சல், சத்தத்தில் பெரியதல்ல. மனிதக் குரல்தான். இன்ஜின் ஓசைக்கு ஒரு சீரான வடிவம் உண்டு. சிப் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். பக்கத்து மேசைக்காரர், ஹாலில் ஓடும் டிவி, கல்யாண மண்டபத்துக் கூட்டம் எல்லாம் உங்கள் குரலைப் போலவே இருப்பதால் எதை வைப்பது, எதை நீக்குவது என்று சிப் தடுமாறும். அங்கே ‘எது அருகில் இருக்கிறதோ அது’ என்ற ஒரே அளவுகோல்தான் நம்பகமானது. கூட்டுக் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்கும் பூம் மைக் தவிர வேறொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காற்று தனி ரகம். கடற்கரையிலும் மொட்டை மாடியிலும் மைக் துளை மீது காற்று ஓடினாலே பெரும் உறுமலாகிவிடும். பஞ்சு உறை போட்ட பூம் மைக், அல்லது துளைக்கு முன் வலை வைத்த மாடல் வேண்டும். ஒரு காது வகையில் பாலி வாயேஜர் 5200 இதற்கென்றே பேர் வாங்கியது: நான்கு மைக், 20 கிராம் எடை, ஏழு மணி நேரம் வரை பேச்சு. லாரி ஓட்டுநர்களை மனதில் வைத்துச் செய்யப்படும் புளூபேரட் பி450-எக்ஸ்டி இன்னும் ஒரு படி மேல். ஒரு காது, தலைப்பட்டை, கனமான பூம். அதன் நிறுவனம் 96 சதவீத இரைச்சலை நீக்கும் என்கிறது. இதுபோன்ற சதவீதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம், ஒவ்வொருவரும் அளக்கும் முறை வேறு. வடிவத்தைப் பாருங்கள்.

பைக்கில் ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் போட்டுப் பேசுவதற்கு எந்த மாடலையும் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில் மைக் தோற்பது ஒரு பக்கம். பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காமல் போவது உயிர்ப் பிரச்சினை. வண்டியை ஓரங்கட்டிப் பேசுங்கள்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக

நெக்பேண்ட் கீழே விழாது, தொலையாது, சார்ஜ் நீண்ட நேரம் நிற்கும். மைக் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். காதுக்குப் போகும் ஒயரில் இருந்தால் பரவாயில்லை. கழுத்துப் பட்டையிலேயே இருந்தால் வாயிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும், சட்டைக் காலரில் உரசும் ‘சரக் சரக்’ வேறு. இயர்பட்ஸில் தண்டு நீண்டு கீழே இறங்கும் வடிவம், உருண்டை வடிவத்தைவிடப் பேச்சுக்கு நல்லது. மைக் இரண்டு செ.மீ. அளவுக்கு வாயை நெருங்கி வருகிறது. சில மாடல்கள் தாடை, மண்டை எலும்பின் அதிர்வை உணர்ந்து, நீங்கள் பேசுகிறீர்களா வேறு யாராவது பேசுகிறார்களா என்று பிரித்தறியும். அந்த வசதி இருந்தால் கூட்டத்தில் உதவும்.

எலும்பு வழி கேட்கும் ஹெட்செட் காதைத் திறந்து வைப்பதால் வீட்டில் குழந்தையைக் கவனித்துக்கொண்டே பேச வசதி. பஸ்ஸில் அதே திறந்த காதுதான் பிரச்சினை. வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வரும்.

தலைப்பட்டையோடு இரு காதையும் மூடும் வகையில், மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விடுகிறதா பாருங்கள். ஜிமிக்கி, பெரிய தோடு போடுபவர்களுக்கு காது மேல் அழுத்தும் வகை ஒரு மணி நேரத்தில் வலிக்கும். அந்தக் கிலுகிலுப்பு மைக்கிலும் விழும். கொண்டை போடுபவர்கள் கழுத்துக்குப் பின்னால் போகும் பட்டையைத் தேடலாம்.

பேட்டரி பற்றி ஒன்றே ஒன்று. பெட்டியில் ‘40 மணி நேரம்’ என்றிருப்பது பெரும்பாலும் பாட்டுக்கு, அதுவும் கேஸில் உள்ள சார்ஜையும் சேர்த்து. ‘டாக் டைம்’ என்று தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

நமக்கு நாமே பேசிப் பதிவு செய்து கேட்பது போதாது. சில ஆப்கள் ஹெட்செட் இணைந்திருந்தாலும் போனின் மைக்கில்தான் பதிவு செய்யும். உண்மையான அழைப்பில்தான் உண்மை தெரியும்.

பத்து வண்டி எண்களைக் கற்பனையாக எழுதிக்கொள்ளுங்கள். எஸ், எஃப், பி, டி, வி, எம், என் எழுத்துகள் நிறைய வரட்டும். ஒரு நண்பரை அழைத்து, முதலில் ஹெட்செட் இல்லாமல் போனைக் காதில் வைத்து வாசியுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். அடுத்து வேறு பத்து எண்கள், ஹெட்செட்டில், அமைதியான அறையில். மூன்றாவது பத்து, இரண்டு மீட்டர் தள்ளி மிக்ஸி ஓடும்போது. நான்காவது, டிவியில் செய்தி ஓடும்போது. எத்தனை பிழை என்று எண்ணிப் பாருங்கள். அமைதியிலேயே போனைவிட ஹெட்செட்டில் பிழை அதிகம் என்றால் அந்த மைக் வேண்டாம். மிக்ஸியில் தாங்கி, டிவியில் தோற்றால் சிப் நல்லது, மைக் தூரம். நண்பரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வார்த்தையின் முதல் எழுத்து விழுங்கப்படுகிறதா? பேசத் தொடங்கியதும் இரைச்சலும் கூடவே எழும்பி, பேச்சை நிறுத்தியதும் அடங்குகிறதா? இரண்டும் வடிகட்டல் மிகையாக இருப்பதன் அடையாளம்.

அப்படி மிகையாவதற்கு ஒரு பொதுவான காரணம் இரட்டை வடிகட்டல். ஹெட்செட் ஒரு முறை இரைச்சலை நீக்கி அனுப்ப, ஜூமோ போனோ மறுபடியும் நீக்கும். ஜூம் அமைப்பில் இரைச்சல் நீக்கத்தை ‘லோ’ என்று வைத்துப் பாருங்கள். ஐபோனில் ‘வாய்ஸ் ஐசொலேஷன்’ சாதாரண அழைப்புகளுக்கும் ஐ.ஓ.எஸ். 16.4 முதல் கிடைக்கிறது. ஹெட்செட் சுமாராக இருந்தால் அதைப் போட்டும், நன்றாக இருந்தால் எடுத்தும் ஒப்பிடுங்கள்.

பிறகு வரும் கோளாறுகள்

குரல் விட்டு விட்டுப் போனால் போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் விழுங்கும். இடது காதில் ஹெட்செட், வலது பின்பாக்கெட்டில் போன் என்றால் நடுவில் நிற்பது உங்கள் உடம்பு. ஒரே பக்கத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஓடும் மைக்ரோவேவ் அடுப்பின் அருகிலும் இதே விட்டு விட்டுப் போவது வரும்.

மறுமுனையில் இருப்பவர் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்று சொன்னால் கோளாறு உங்கள் பக்கம். ஸ்பீக்கர் சத்தம் உங்கள் மைக்கில் கசிகிறது. ஒலியைக் குறைத்து, முனையைச் சரியாகப் பொருத்துங்கள். உங்கள் குரல் உங்களுக்குத் தாமதமாகத் திரும்பக் கேட்டால் கோளாறு அவர் பக்கம்.

ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் இணையும் ‘மல்டிபாயிண்ட்’ வசதியானதுதான். ஆனால் லேப்டாப்பில் ஒரு வீடியோ பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போன் அழைப்பு வந்தும் ஒலி அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம். முக்கியமான அழைப்புக்கு முன் ஒன்றைத் துண்டித்துவிடுங்கள்.

ஆறு மாதத்தில் குரல் மங்கினால் மைக் துளையில் வியர்வையும் தூசும் படிந்திருக்கும். ஸ்பீக்கர் வலையில் காதழுக்கு. உலர்ந்த மென்மையான டூத்பிரஷ்ஷால், துளை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு தட்டித் துடையுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். ரப்பர் முனையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு கேஸில் வைத்தால் சார்ஜ் ஏற்றும் உலோக முனைகளில் களிம்பு பிடிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் ஐ.பி.எக்ஸ்.4 என்ற நீர்த்தடுப்பு அளவு தெறிக்கும் நீருக்கு மட்டும்தான். குழாயடியில் ஹெட்செட்டையே காட்ட அல்ல.

காதுக்குள் போகும் பொருள் என்பதால், உறை பிரித்த இயர்பட்ஸைத் திருப்பி எடுக்காத கடைகள் உண்டு. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். திருப்பி எடுப்பார்கள் என்றால் எத்தனை நாள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டி எண் சோதனையை அந்தக் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும்.